பிறர் பெயரில் எழுதும் வேலையும் சொந்த வலைப்பூவும்: எங்கே கோடு போடுவது?

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடி விர்ச்சுவல் அசிஸ்டன்ட் வேலை செய்கிறேன். இலண்டனில் உணவியல் ஆலோசகராக இருக்கும் ஓர் அம்மையாருக்கும், நியூயார்க்கில் சிறுதொழில் முனைவோருக்குப் பயிற்சி அளிக்கும் ஒருவருக்கும் அன்றாட அலுவல்களைக் கவனித்துக்கொள்கிறேன். மின்னஞ்சல்களைப் பிரித்து வைப்பது, சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பது, இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பது ஆகியவை ஒரு பாதி. மறுபாதி எழுத்து வேலை: வாரந்தோறும் செல்லும் செய்திமடல், அவர்களுடைய தளங்களில் வரும் கட்டுரைகள், வாசகர்கள் இடும் பின்னூட்டங்களுக்கான மறுமொழிகள். இவை அனைத்தும் அவர்கள் பெயரிலேயே போகின்றன. அந்த அம்மையார் எந்தச் சொல்லைத் தவிர்ப்பார், எந்த இடத்தில் ஒரு பத்தியை நிறுத்துவார் என்பது எனக்கு இப்போது மனப்பாடம்.

கல்லூரியில் படித்த காலத்தில் கூகுளின் வலைப்பூச் சேவையான ப்ளாக்கரில் தமிழ் வலைப்பூ ஒன்று வைத்திருந்தேன். தமிழ் வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் என் இடுகை தெரிந்ததும் முன்பின் அறியாதவர்கள் வந்து பத்தி பத்தியாக விவாதித்த காலம் அது. திருமணம், குழந்தை, பிறகு இந்த வேலை என்று வந்தபின் அது நின்றுபோயிற்று. இப்போது அதை மீண்டும் தொடங்க விரும்புகிறேன். என் நாள் முழுவதையும் நிரப்பியிருப்பது இந்த வேலைதான்; எழுதினால் இதைப் பற்றித்தான் எழுத முடியும். ஆனால் இரண்டு ஒப்பந்தங்களிலும் இரகசியக்காப்புப் பிரிவு இருக்கிறது. வேலையைப் பற்றி எவ்வளவு எழுதலாம், எதைத் தொடக்கூடாது? நான் எழுதிக் கொடுத்த கட்டுரைகளை என் எழுத்து என்று எங்கேனும் காட்டிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? இதே தொழிலில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கூடல்வாசி:

வணக்கம் சகோதரி. நானும் இதே வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவள். வலைப்பூவும் விடாமல் எழுதி வருகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய அஞ்சல்பெட்டி நம் கையில் இருக்கிறது என்றால், அவருடைய வங்கிக் கணக்கு, உடல்நிலை, குடும்பச் சிக்கல், யாரிடம் எவ்வளவு கடன் என்பது வரை அவருடைய உறவினருக்கே தெரியாதவை நமக்குத் தெரிந்திருக்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் அவற்றை வெளியே சொல்வது தகாது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உணவியல் ஆலோசகரின் வாடிக்கையாளர் விவரம் என்பது உடல்நலம் பற்றிய தகவல். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அங்கே நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்னும் தனிநபர் தரவு விதிகளும் உடல்நலத் தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காவல் வைத்திருக்கின்றன. ஆகவே ஒரு நோயாளியின் கதையைப் பெயரை மாற்றி எழுதலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஊர், வயது, தொழில், வந்த மாதம் ஆகிய நான்கும் சேர்ந்தால் பெயர் தேவைப்படாது.

அப்படியானால் எழுத என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். வேலையின் நுட்பம் முழுவதும் மிஞ்சும். உங்களுக்கு இலண்டனும் நியூயார்க்கும் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் நியூயார்க் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, இலண்டன் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதால் இவை ஒன்பதரையாகவும் நாலரையாகவும் குறைகின்றன. ஆனால் இரு நாடுகளும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பிரிட்டனில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் அவ்விரு நகரங்களுக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி நேரத்திற்குப் பதிலாக நான்கு மணி நேர வேறுபாடுதான் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையில் ஒரு வாரம் மீண்டும் இதே நிலை. வாரந்தோறும் நடக்கும் சந்திப்பை நாட்காட்டியில் இந்திய நேரப்படி பதிந்து வைத்தால், கடிகாரம் மாறிய வாரத்தில் வாடிக்கையாளருக்கு அது ஒரு மணி நேரம் தள்ளிப்போய் நிற்கும். அவருடைய ஊர் நேரப்படி பதிந்து வைத்தால் அவருக்கு மாறாது, நாம்தான் மாறிக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு இதைத் தமிழில் விரிவாகச் சொல்லித் தருகிறவர்கள் மிகக் குறைவு. இதை எழுதினால் எந்த இரகசியமும் உடைவதில்லை, யாருடைய பெயரும் தேவைப்படுவதில்லை, படிப்பவருக்கு உடனடியாகப் பயன்படும்.

நான் பின்பற்றும் வழக்கம் இது: வாடிக்கையாளர் தற்செயலாக என் வலைப்பூவை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்தாலும் இது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றாத வகையில்தான் எழுதுவேன். பாராட்டாக இருந்தாலும் அப்படித்தான்.

பொருநைக்கரை:

மிக்க நன்றி அக்கா. நேர வேறுபாட்டைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் அதோடுதான் போராடுகிறேன். ஓர் ஐயம்: மறைபெயரில் எழுதினால் இன்னும் சற்றுத் தாராளமாக எழுதலாம் அல்லவா?

கூடல்வாசி:

மறைபெயர் உங்களைத்தான் மறைக்கும், அவர்களை மறைக்காது. ஒருநாள் உங்கள் பெயர் வெளிப்பட்டுவிட்டால், அதுவரை எழுதிய அத்தனைக்கும் ஒரே நேரத்தில் முகவரி கிடைத்துவிடும். மறைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் சொந்தப் பெயரில் வெளியிடத் தயங்கும் எதையும் அதன் கீழ் எழுத வேண்டாம்.

வைகைவழி:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒப்பந்தங்களைப் படிப்பது என் அன்றாட வேலை என்பதால் இதில் எனக்கு அக்கறை அதிகம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சம்பளத்திற்கு வேலை செய்யும் ஊழியர் பணியின் பகுதியாக எழுதியதற்கு முதலாளியை முதல் உரிமையாளராக வைக்கிறது. தனித்து நின்று பணி செய்து கொடுக்கும் உங்களைப் போன்றவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. எழுதியவரே முதல் உரிமையாளர். அந்த உரிமையை மற்றவருக்கு மாற்றித் தருவதானால் 19ஆம் பிரிவின்படி எழுத்து மூலமாக, கையெழுத்துடன் தரவேண்டும். எத்தனை காலத்திற்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நிலப்பரப்பிற்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். உரிமையை மாற்றித் தந்த பிறகும் இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு எழுதியவரிடமே விட்டுவைக்கிறது.

இதைப் படித்து உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். உங்கள் ஒப்பந்தத்தின் இறுதிப் பக்கங்களில் எந்த நாட்டின் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது வாடிக்கையாளருடைய நாடு. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தனித்துப் பணி செய்பவரே முதல் உரிமையாளர்தான், ஆனால் எழுதியவராகப் பெயர் குறிக்கப்படும் உரிமையை அவர் எழுத்து மூலம் விட்டுக்கொடுத்துவிட முடியும். ஒப்பந்தங்களில் அந்த வரி அடிக்கடி இருக்கும். அமெரிக்கச் சட்டத்தில், வெளியாளிடம் கேட்டு வாங்கிய எழுத்து தொடக்கத்திலிருந்தே கேட்டவருக்குச் சொந்தமாக வேண்டுமானால் அது சட்டம் சொல்லும் ஒன்பது வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும், அதோடு இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கையும் வேண்டும். அது பொருந்தாமல் போகக்கூடும் என்பதால்தான், பொருந்தாவிட்டால் உரிமை இதன் வழியே மாற்றப்படுகிறது என்று இன்னொரு வரியையும் வழக்கறிஞர்கள் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் நியூயார்க் ஒப்பந்தத்தில் அந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நடைமுறையில் பயன்படுவது, கேட்டுப் பெறுவது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில், குறிப்பிட்ட சில கட்டுரைகளைப் பிற வாடிக்கையாளருக்குத் தனிப்பட்ட முறையில் மாதிரியாகக் காட்டலாம் என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். பலர் மறுப்பதில்லை.

மருதநிழல்:

மேலே உள்ளவர்கள் சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு திசையில் விவாதம் சாய்வது எனக்குக் கவலை தருகிறது. புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கான கருவியாக வலைப்பூவைப் பார்த்தால், அதையும் இன்னொரு வேலையாக்கிவிடுவீர்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் சில மாதிரிகளும் போதும். 2018 முதல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது என்பதால் விளம்பர வருமானத்தை நம்பித் தொடங்குகிறவர்களும் உண்டு. அந்த எண்ணத்தோடு தொடங்கினால் தேடுபொறி விரும்பும் தலைப்புகளின் பின்னால் போகவேண்டி வரும். சகோதரிக்குக் குறை வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. நாள் முழுவதும் இரண்டு பேருடைய குரலில் எழுதிக்கொண்டிருப்பவருக்குத் தன் குரலில் எழுத ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் வேலையைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும் என்று ஏன் முடிவு செய்யவேண்டும்? தாமிரபரணி இருக்கிறது, குழந்தை இருக்கிறது, படித்த புத்தகம் இருக்கிறது.

இன்னொரு காரணமும் சொல்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் எங்கள் வேலையின் தன்மை மாறியிருக்கிறது. முன்பு வெறுந்தாளிலிருந்து எழுதச் சொன்னவர்கள், இப்போது இயந்திரம் எழுதியதைத் திருத்தித் தரச் சொல்கிறார்கள். அந்த வழவழப்பான வாக்கியங்களிலேயே நாள்தோறும் புழங்கினால், நம்முடைய வாக்கியம் எது என்பதே மங்கிவிடும் என்று உண்மையாகவே அஞ்சுகிறேன். ஆகவே சொந்த வலைப்பூவிற்கு அந்தக் கருவிகளை நான் அண்டவிடுவதில்லை. வாடிக்கையாளரின் கடிதங்களை அனுமதியின்றி அத்தகைய கருவியில் ஒட்டுவதும் இரகசியக்காப்பை மீறுவதாகவே ஆகலாம். இதைப் பலரும் யோசிப்பதில்லை.

வேலை நேரத்தையும் எழுத்து நேரத்தையும் கலக்காதீர்கள். தனித்துப் பணி செய்பவர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் அப்வொர்க் போன்ற தளங்களில் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஒப்பந்தங்களில், அந்தத் தளத்தின் செயலி பத்து நிமிடத்திற்கு ஒருமுறை, எதிர்பாராத ஒரு கணத்தில், திரையைப் படம் பிடித்து வாடிக்கையாளர் பார்க்கும்படி வைக்கிறது. அப்படிப்பட்ட கண்காணிப்பு இல்லாவிட்டாலும் அவர் பணம் தரும் நேரம் அவருடையது. தனி உலாவிக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு, வேலைக் கணக்கை மூடியபின்தான் அதைத் திறப்பது என்று பழகுங்கள். இரவு அமெரிக்க நேரத்தில் வேலை செய்வதால் விடிகாலையில் எழுதலாம் என்று தோன்றும். அந்த நேரத்தை உறக்கத்திற்கே கொடுங்கள்.

பழைய வலைப்பூ இன்னும் இருந்தால் முதலில் அதன் அமைப்புகளுக்குள் சென்று உள்ளடக்கத்தைக் காப்புப் பிரதியாக இறக்கி வையுங்கள். பல வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டபோது தொடர்ந்து படித்தவர்கள் சிதறினார்கள். 2019இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் பின்னூட்டம் பெற்றுவந்த ப்ளாக்கர் வலைப்பூக்களில் அந்த உரையாடல்கள் முழுவதும் அழிந்தன. இடுகையைவிடப் பின்னூட்டங்களே வளமாக இருந்த தமிழ் வலைப்பூக்களுக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

பொருநைக்கரை:

மருதநிழல் ஐயாவுக்கு என் நன்றி. வேலையைப் பற்றித்தான் எழுத முடியும் என்று நான் சொன்னது களைப்பில் வந்த சொல் என்று இப்போது படுகிறது. காப்புப் பிரதியை இறக்கிவிட்டேன். நல்லவேளையாகப் பழைய பின்னூட்டங்கள் ப்ளாக்கரின் சொந்த அமைப்பில்தான் இருந்திருக்கின்றன, அனைத்தும் வந்துவிட்டன. நியூயார்க் ஒப்பந்தத்தில் வைகைவழி அவர்கள் குறிப்பிட்ட இரண்டாவது வரி இருக்கிறது. இலண்டன் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது. அனுமதி கேட்கும் வாசகத்தை எப்படி அமைப்பது என்று மட்டும் சொல்ல முடியுமா?

வைகைவழி:

சுருக்கமாக இருக்கட்டும். "இணைப்பில் உள்ள மூன்று கட்டுரைகளை நான் தயாரித்தேன் என்பதை, எதிர்கால வாடிக்கையாளர்களிடம் தனிப்பட்ட முறையில் மட்டும் தெரிவிக்கவும் அவற்றைக் காட்டவும் அனுமதி கோருகிறேன். பொதுவெளியில் இதை வெளியிட மாட்டேன். இந்த அனுமதியை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்." இந்தப் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி, கட்டுரைகளின் தலைப்பையும் தேதியையும் கீழே தாருங்கள். திரும்பப் பெறலாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தயங்குகிறவரும் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் அந்த வரியால்தான். நோயாளி எவரையும் சுட்டாத கட்டுரைகளாகப் பார்த்து மூன்றையும் தேர்ந்தெடுங்கள்.