முள்ளோடை பெட்ரோல்

குழு: பெண்ணையாற்றுக் குடும்பம்
ஞாயிறு

பெரியப்பா, காலை 8:12
பெரியகங்கணாங்குப்பத்தில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் காலி. கார்த்தி, போனை எடு.

கார்த்தி அண்ணன், 8:14
வருகிறேன் அப்பா. வழியில் பங்க்கே இல்லையா?

பெரியப்பா, 8:15
புதுச்சேரி எல்லைக்குள் முள்ளோடையில் லிட்டருக்கு 5 ரூபாய் போலக் குறைவு. அங்கே போய்ப் போடலாம் என்று கிளம்பினேன்.

வித்யா, 8:17
பெரியப்பா, 4 லிட்டர் போட்டால் 20 ரூபாய் மிச்சம். மஞ்சக்குப்பத்திலிருந்து போய்வரவே கிட்டத்தட்ட அரை லிட்டர் செலவு.

பெரியப்பா, 8:19
அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்மா. 20 ரூபாய்க்காக இல்லை. அதே கம்பெனி, அதே பெட்ரோல். எல்லையைத் தாண்டினால் ஒரு விலை. அப்படியென்றால் நம்மிடம் கூடுதலாக வாங்கும் அந்த 5 ரூபாய் யார் பைக்குப் போகிறது?

கார்த்தி அண்ணன், 8:21
சென்னைக் கஜானாவுக்கு. மத்திய அரசின் கலால் வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதற்கு மேல் மாநிலம் போடும் வாட் என்ற விற்பனை வரிதான் வேறு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல், டீசலையும் மதுவையும் வெளியே விட்டுவிட்டார்கள். மாநிலம் தன் இஷ்டத்துக்கு விகிதம் வைக்கப் பெரிதாக மிச்சமிருப்பது இவைதான். லேசில் விடுமா?

கார்த்தி அண்ணன், 8:22
இன்னொரு கூத்து. மத்திய அரசு வாங்குவதில் அடிப்படைக் கலால் வரி லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசுதான். மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்று வேறு பெயரில். மாநிலங்களோடு பங்கு போடுவது அந்த 1.40-ஐ மட்டும்.

அத்தை (முதலியார்பேட்டை, புதுச்சேரி), 8:30
என்னவோ போங்கள். நாங்கள் வரி கட்டுகிற ஆளும் இல்லை, எங்களுக்கு இந்தத் தலைவலியும் இல்லை.

கார்த்தி அண்ணன், 8:31
அத்தை, காலையில் பல் தேய்த்தீர்களா?

அத்தை, 8:31
இது என்னடா கேள்வி?

கார்த்தி அண்ணன், 8:33
பேஸ்ட்டில் வரி இருக்கிறது. முன்பு 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5. பாதி டெல்லிக்கு, பாதி உங்கள் புதுச்சேரி அரசுக்கு. வருமான வரி சம்பாத்தியத்தைப் பார்த்து வாங்குவது. இது ஆளைப் பார்க்காது. கார்க்காரருக்கும் உங்களுக்கும் ஒரே விகிதம். சம்பளம் குறைந்த வீட்டில்தான் இது அதிகம் வலிக்கும்.

மாமா, 8:36
கடைக்காரன் என்னைக் கேளுங்கள். 2022 ஜூலையில் பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீதம் வந்தது, ஆனால் 25 கிலோ வரைக்கும்தான். அடுத்த மாதமே மில்லிலிருந்து 26 கிலோ மூட்டை வர ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு கிலோவைச் சேர்த்துத் தூக்கி என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

வித்யா, 8:37
மாமா!!

சித்தி (குண்டுஉப்பலவாடி, கடலூர்), 8:44
வாங்குவதில் ஒரு ரூபாய் விடுவதில்லை. கொடுக்கும்போது மட்டும் ஏன் கை சுருங்குகிறது? ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டில் கட்டில் வரை தண்ணீர். ரேஷன் கார்டுக்கு 2,000 அறிவித்தார்கள். புதுச்சேரி அண்ணிக்கு மாடி வீடு, அவர்களுக்கு 5,000.

அத்தை, 8:45
மாடி வீடாக இருந்தால் என்னடி, மூன்று நாள் கரண்ட் இல்லை.

கார்த்தி அண்ணன், 8:49
சண்டை வேண்டாம். புதுச்சேரியில் மொத்தமே சுமார் மூன்றரை லட்சம் கார்டு. 5,000 கொடுத்தாலும் சுமார் 175 கோடியில் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேல் கார்டு. ஒரு மாவட்டத்துக்குக் கொடுத்தால் அடுத்த புயலில் அடுத்த மாவட்டம் அதே தொகையைக் கேட்கும். ஆனாலும் சித்தி சொல்வது நியாயம்தான். கட்டில் நனைந்தவருக்கும் நனையாதவருக்கும் கார்டைப் பார்த்து ஒரே தொகை கொடுப்பது சுலபமான வேலை, அவ்வளவுதான்.

வித்யா, 8:52
அண்ணா, புதுச்சேரிக்கு மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது?

கார்த்தி அண்ணன், 8:55
சொந்த வரியும் மத்திய அரசு கொடுக்கும் மானியமும். மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நிதிக்குழுவின் கணக்கில் யூனியன் பிரதேசங்கள் வராது. டெல்லியிடம் கேட்டு வாங்க வேண்டும். டெல்லி மட்டும் என்ன? மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டில் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன். போகும் ரூபாயில் 20 காசு பழைய கடனுக்கு வட்டி.

அத்தை, 8:56
அடப்பாவமே. நான் சீட்டு எடுத்து வட்டி கட்டினேன் என்று உன் மாமா ஒரு வாரம் பேசவில்லை.

பெரியப்பா, 9:02
வரி மட்டுமா வருமானம்? நெய்வேலியில் நான் வேலை பார்த்த கம்பெனி கரியைத் தோண்டி, கரண்ட் விற்று, லாபத்தில் அரசுக்கு ஈவுத்தொகை கொடுக்கிறது. பாதிக்கு மேல் பங்கு மத்திய அரசிடம்தான். நாங்கள் கையேந்தவில்லை, கொடுத்தோம்.

கார்த்தி அண்ணன், 9:03
மீதியில் என்னிடமும் 50 பங்கு இருக்கிறது அப்பா. அந்தக் கம்பெனிக்கு நானும் முதலாளி.

மாமா, 9:05
உங்கள் ஊரில் அரசாங்கமே மதுக்கடையும் நடத்துகிறது. எங்கள் ஊரில் பெரும்பாலும் தனியார் கடை, அரசு கலால் வரி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எது தேவலை?

அத்தை, 9:05
நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அரிசி மூட்டையைப் பாருங்கள்.

கார்த்தி அண்ணன், 9:20
அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். வண்டியைப் பங்க் வரை தள்ளிக்கொண்டு வந்தோம். கடலூர் விலைக்கே டேங்க் நிரப்பியாயிற்று.

பெரியப்பா, 9:24
ரசீதில் வரி எவ்வளவு என்று போடவே இல்லை. பேஸ்ட் வாங்கினால் போடுகிறான், இதில் ஏன் போடவில்லை?

பெரியம்மா, 9:26
அதையெல்லாம் அப்புறம் கேட்கலாம். வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வாருங்கள்.

கார்த்தி அண்ணன், 9:26
அதற்கு ஜிஎஸ்டி கிடையாது அம்மா.

பெரியம்மா, 9:27
அப்படியென்றால் இரண்டு கட்டு.