பழக் கம்மி, ஜெலட்டின்: வெள்ளிக்குள் தமிழ்ச்சொல் தேவை

வணக்கம். கோடை வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் "கம்மி" (gummy) என்கிற மெல்லும் பழ மிட்டாய்க்கு ஒரு பக்கச் செய்முறைத் தாள் எழுதுகிறேன். ஒரு கப் பன்னீர் திராட்சைச் சாறு, 3 மேசைக்கரண்டி ஜெலட்டின் தூள், கொஞ்சம் தேன். ஆறிய சாற்றில் தூளைத் தூவி 5 நிமிடம் ஊறவிட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்து, அச்சில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தலைப்பில் "பழக் கம்மி" என்று போட்டிருந்தேன். பார்த்த ஒரு அம்மா, "பழம் கம்மின்னா அப்புறம் என்ன சத்து?" என்று கேட்டார். கம்மி, ஜெலட்டின் இரண்டுக்கும் நல்ல சொல் தாருங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

---

தங்கச்சி, ஜெலட்டினுக்குப் புதுச்சொல்லே வேண்டாம், வச்சிரம் இருக்கிறது. எங்கள் தாத்தா தச்சர். தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரத்தை, வெந்நீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து உருக்குவார். நேரடித் தீ பட்டால் ஒட்டும் வலு போய்விடும் என்பார். உங்கள் தூளும் அதே சரக்குதான், சுத்தம் மட்டும் கூடுதல்.

---

> வச்சிரம் இருக்கிறது

அண்ணா, அது வடசொல். தவிர, சென்னையில் வச்சிரம் என்றால் மீன்தான் நினைவுக்கு வரும். நம்மிடம் இழுது என்ற அருமையான சொல் இருக்கிறது. நெய், வெண்ணெய், கொழுப்பு எல்லாவற்றுக்கும் வந்த சொல். புறநானூற்று 150ஆம் பாட்டில் வெண்ணிற நிணத்துக்கு இழுதுதான் உவமை. கம்மிக்குப் "பழ இழுது" என்று வைக்கலாம். இழு, இழை, இழைதல் என்று அந்த வேரைத் தொடர்ந்து போனால்...

---

ஐயா, வேரை இன்னொரு நாள் தோண்டலாம். இழுது என்றால் எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும்? பிசின் என்றும் யாரும் சொல்லிவிட வேண்டாம். அது மரத்திலிருந்து வடிவது. சைவம் என்று நம்பி வாங்கிவிடுவார்கள்.

என் வாக்கு ஊன்பசைக்கு. போன வருஷம் நான் பச்சை அன்னாசியை அரைத்து ஊற்றினேன். விடிய விடிய ஃபிரிட்ஜில் இருந்தும் தண்ணீராகவே கிடந்தது. அதிலுள்ள நொதி புரதத்தை அறுத்துவிடுகிறது. சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் செய்தால் இறுகும். பப்பாளியும் அப்படித்தான். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு, "இது ஊன்பசை" என்று சொன்னாலே காரணம் விளங்கிவிடும். ஜெலட்டின் என்ற சொல் அதைச் சொல்லாது. கறி சாப்பிடாத வீட்டுக்கும் அந்த ஒரு சொல்லே முன்னறிவிப்பு. அவர்கள் கடற்பாசியில் செய்துகொள்ளட்டும்.

---

ஊன்பசை சரி. கம்மிக்கு ஜவ்வு மிட்டாயை வைத்துப் "பழ ஜவ்வு" என்று போடலாமே? திருவிழாவில் மூங்கில் கழியில் சுற்றிவைத்து, இழுத்து இழுத்துக் கைக்கடிகாரம் கட்டிவிடுவார்களே, அதைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: பொட்டலத்தில் "புளூம்" என்று ஓர் எண் இருந்தால் அதைப் "பூ எண்" ஆக்கிவிடாதீர்கள். ஜெலட்டினின் இறுக்கத்தை அளக்கும் கருவிக்கு 1925இல் காப்புரிமை பெற்ற ஆஸ்கர் புளூமின் பெயர் அது.

---

> பழ ஜவ்வு

ஜவ்வு இழுபடும், இது கடித்தால் நறுக்கென்று துண்டாகும். இரண்டும் ஒன்றில்லை. இழுதை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட்டீர்களே என்று உண்மையிலேயே வருத்தம்.

---

எல்லாருக்கும் நன்றி. தலைப்பு "பழ ஜவ்வு". பொருள் பட்டியலில் "ஊன்பசை எனும் ஜெலட்டின்". பப்பாளிக்காய் விளக்கத்தையும் சேர்த்துவிட்டேன். ஐயா, கோபிக்காதீர்கள், மேல்வகுப்புத் தாளில் இழுதுக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறேன். இப்போது அடுத்த சிக்கல்: சிலிக்கான் அச்சை "மோல்டு" என்றே விடலாமா?