விளக்கக் குறிப்புள்ள வேதாகமம்: எந்த மொழிபெயர்ப்பில் வாங்கலாம்?

கேள்வி:
வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி வேதம் படிக்கிறோம். பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். சென்ற வாரம் 1 யோவான் 2:2-இல் ‘கிருபாதாரபலி’ என்று வாசித்ததும், “அப்படியென்றால் என்ன அக்கா?” என்றான் ஒரு தம்பி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. குறிப்புகளுள்ள வேதாகமம் ஒன்று வாங்க வேண்டும். ஆனால் சிறுவயது முதல் மனப்பாடம் செய்ததெல்லாம் பழைய மொழிபெயர்ப்பு. அதை விட மனம் வரவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
விடவே வேண்டாம், சகோதரி. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு, மூலத்தின் சொல்லை இறுகப் பற்றிக்கொள்ளும். கிருபாதாரபலி என்றால் பாவத்தை நிவிர்த்தி செய்யும் பலி. யாத்திராகமத்தில் ‘கிருபாசனம்’ (உடன்படிக்கைப் பெட்டியின் பொன் மூடி) படித்தவர் ‘கிருபாதாரபலி’யைக் கண்டதும் உறவைப் பிடித்துவிடுவார். கிரேக்கத்திலும் இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள்தாம்.

ஆனால் நம் தமிழ் நகர்ந்துவிட்டது. 23-ஆம் சங்கீதத்தின் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்பதற்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் பொருள் கேட்டேன். “என்னை யாரும் தாழ்த்த முடியாது” என்றார்கள். அங்கே தாழ்ச்சி என்றால் குறைவு! 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் ‘எனக்கேதும் குறையில்லை’ என்று தெளிவாக இருக்கிறது. கிருபாதாரபலிக்கு அதில் ‘கழுவாய்’, அதாவது பாவத்துக்குப் பரிகாரம். ‘வழுவாய் மருங்கில் கழுவாயும் உள’ என்று புறநானூறு சொல்லும் அதே சொல். முதன்முறை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறிப்புகள் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கட்டும். பக்கத்தில் திருவிவிலியத்தையும் திறந்து வையுங்கள்.

மற்றொரு பதில்:
வாங்குமுன் கடையிலேயே 1 யோவான் 5:7-ஐத் திறந்து பாருங்கள். பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிப் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும். பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்தச் சொற்கள் இல்லை. இதைச் சொல்லாமல் கடந்துபோகும் குறிப்புரையை நான் வாங்க மாட்டேன். திருவிவிலியத்தில், பழைய மொழிபெயர்ப்பில் இல்லாத தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் இருக்கும்; பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கிருபாசனத்திலிருந்தே இந்த வெள்ளிக்கிழமை தொடங்கப் போகிறேன். அம்மாவும் எங்களோடு உட்காருகிறார். பெரிய எழுத்துப் பதிப்பு வைத்திருப்பவர்கள், குறிப்புகளின் எழுத்தும் பெரிதாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.