பிஎஸ்6 லாரி: ஈஜிஆர் வால்வில் திரும்பத் திரும்ப ஈரக் கரி

செங்கோட்டை - புனலூர் லைனில் எம்-சாண்ட் லோடு ஓடும் வண்டி. 2021 மாடல், பத்து சக்கரம், பிஎஸ்6. இரண்டு மாதமாக ஆரியங்காவு ஏற்றத்தில் புல்லிங் இல்லை, ரீஜென் (புகை வடிகட்டியான டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) அடிக்கடி கேட்கிறது. ஈஜிஆர் வால்வைக் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) கழற்றினால் தார் மாதிரி ஈரக் கரி.

பிஎஸ்6 டீசல் சுத்தம், கரி வராது என்கிறார்கள். டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மில் இருந்து 10 ஆனதால் ஈஜிஆர் கூலரில் (திரும்பும் புகையை ஆற்றுவது) அமில அரிப்பு குறையும், சரி. ஆனால் கரி எரிப்பில் உருவாவது. டீசல் சுத்தமானால் மட்டும் நிற்காது.

வால்வு கிளீன் பண்ணி புது கேஸ்கட் போட்டாச்சு. டிபிஎஃப் பிரஷர் சென்சார் ஹோஸ் மாற்றியாச்சு. இன்ஜெக்டர் ரிட்டர்ன், டர்போ ஷாஃப்ட் ஆட்டம், இன்டர்கூலர் ஹோஸ் லீக் பார்த்தாச்சு, குறை இல்லை. கூலன்ட்டும் குறையவில்லை. புளியரை செக்போஸ்ட் வரிசையில் ஐடிலிங் மட்டும் அதிகம். ஈஜிஆரை அடைக்கச் சொல்லாதீர்கள், எரர் கோட் விழுந்து டார்க் (இழுவை) குறையும்.

கூலரை இறக்காமலே உள்ளே அடைப்பு இருக்கா என்று கண்டுபிடிக்க, ஸ்கேனரில் எந்த ரீடிங்கைப் பார்க்கணும்?