ஸ்கேஃபாய்டு வியூ: மணிக்கட்டைச் சாய்க்க முடியாதவருக்கு என்ன செய்கிறீர்கள்?

எக்ஸ்ரே நண்பர்களுக்கு வணக்கம், ஒரு சந்தேகம்.

கையை ஊன்றி விழுந்தவர், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியை அழுத்தினதும் துடித்தால் ஸ்கேஃபாய்டு எலும்பு முறிவுதான் முதல் சந்தேகம். மணிக்கட்டின் 8 எலும்புகளில் அதிகம் உடைவது அதுதான். சாதாரண பிஏ படத்தில் (உள்ளங்கையைக் கீழே வைத்து, புறங்கைப் பக்கமிருந்து எடுப்பது) அது உள்ளங்கைப் பக்கம் சாய்ந்து, குறுகித் தெரியும். நடுவில் உள்ள மயிரிழை விரிசல் ஒளிந்துகொள்ளும். அதற்காகத்தான் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கிறோம். வீங்கிய கை எங்கே சாய்கிறது!

அப்போது எக்ஸ்ரே குழாயை முழங்கைப் பக்கம் 20 டிகிரி சாய்க்கலாம். இல்லை, குழாயை நேராகவே விட்டு, விரல் பக்கம் உயரும்படி 20 டிகிரி ஸ்பாஞ்சு வைக்கலாம். (இரண்டையும் சேர்த்தால் எலும்பு ஜவ்வு மாதிரி நீண்டுவிடும்.) போர்ட்டபிள் மெஷினில் உங்களுக்கு எது நன்றாக வருகிறது? விரல்களை மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னால் வித்தியாசம் தெரிகிறதா?

இன்னொன்று. முதல் படத்தில் விரிசல் எதுவும் தெரியாவிட்டாலும் மாவுக்கட்டு போட்டு 10–14 நாளில் திரும்ப எடுக்கிறோம். ஏனென்றால் இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்துதான் உள்ளே போகிறது; உடைந்தால் முன்கைப் பக்கத் துண்டு ரத்தம் இல்லாமல் பட்டினி கிடக்கும். இரண்டாம் முறை கட்டைப் பிரித்துத்தானே எடுக்கிறீர்கள்?