பள்ளி நூலக மென்பொருள்: வாட்டர்ஃபாலா, அஜைலா?

கேள்வி:
வணக்கம். எம்.சி.ஏ. கடைசி வருடம். நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நூலக மென்பொருள் எழுதுகிறேன். சுமார் 4,000 புத்தகங்கள். எல்லாம் கையெழுத்துப் பதிவேட்டில் இருக்கின்றன. தேவைகளை முழுதாக எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே கோடு (நிரல்) எழுத வேண்டும் என்கிறார் எங்கள் சார். நூலகம் பார்க்கும் டீச்சரோ போகும்போதெல்லாம் புதிதாக ஒன்று கேட்கிறார். ஒவ்வொரு கட்டத்தையும் முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபாலா, சிறு சிறு பகுதியாகக் கொடுத்துக் கருத்துக் கேட்டு மாற்றிக்கொண்டே போகும் அஜைலா, எந்த முறையில் போவது?

பதில் 1:
தம்பி, டீச்சர் மேல் தப்பே இல்லை. திரையைப் பார்க்காமல் தேவை எல்லாவற்றையும் யாராலும் சொல்ல முடியாது. வாட்டர்ஃபாலுக்கு மூலமாகக் காட்டப்படும் 1970 கட்டுரையிலேயே மென்பொருள் நிபுணர் வின்ஸ்டன் ராய்ஸ், சோதனையைக் கடைசிக்குத் தள்ளும் அந்த முறை ஆபத்தானது என்று எழுதியிருக்கிறார். சாரிடம் காட்டுங்கள். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, இந்த இரண்டை மட்டும் முடித்து டீச்சர் கையில் கொடுங்கள். அபராதம், பார்கோடு எல்லாம் அப்புறம்.

பதில் 2:
சரிதான், ஆனால் டேட்டாபேஸை மட்டும் முதலிலேயே நன்றாக யோசித்துவிடுங்கள். ஒரே திருக்குறள் உரை 30 பிரதி இருந்தால் தலைப்பு ஒன்று, பதிவேட்டு எண்கள் 30 (பிரதிக்கு ஒன்று). இரண்டையும் ஒரே டேபிளில் போட்டுவிட்டுப் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

தமிழ்த் தேடலையும் இப்போதே பாருங்கள். 'கொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான்; ஆனால் புத்தகம் அலமாரியில் இருக்கும், தேடினால் வராது. சேமிக்கும் தலைப்பு, தேடும் சொல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள்.

பதில் 3:
கோஹா என்ற நூலக மென்பொருளைப் பார்த்தீர்களா? நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக எழுதப்பட்டு 2000 முதல் ஓடுகிறது. திறமூலம் (கோடு எல்லோருக்கும் திறந்தது), இலவசம். நீங்கள் வேலைக்குப் போன பிறகு உங்கள் கோடை யார் பார்ப்பார்கள்?

கேட்டவர்:
நியாயமான கேள்வி. ஆனால் கோஹாவுக்கு லினக்ஸ் சர்வர் வேண்டும், பள்ளியில் அதைப் பராமரிக்க ஆளில்லை. முழுப் பட்டியலையும் எக்செல்லில் இறக்கும் வசதி வைத்துவிடுகிறேன். பின்னால் வேறு மென்பொருளுக்கு மாறினாலும் தரவு கையில் இருக்கும். கொடுக்கல் வாங்கலில் தொடங்குகிறேன். இன்னொன்று: தொலைந்த, கிழிந்த புத்தகங்களின் எண்களைப் புதிய புத்தகங்களுக்குக் கொடுக்கலாமா?

பதில் 2:
கூடவே கூடாது. அந்த வரியை அழிக்காமல் 'நீக்கப்பட்டது' என்று நிலையை மட்டும் மாற்றி, தேதியும் காரணமும் போடுங்கள். வருட இருப்புச் சரிபார்ப்பில் டீச்சர் பதில் சொல்லியாக வேண்டியது அந்த எண்களுக்குத்தான்.