டிரைசரின் "தி டைட்டன்": காதல் அத்தியாயங்களைத் தாண்டிப் படிக்கலாமா?

தெருவிளக்கு:
தியடோர் டிரைசரின் "தி ஃபைனான்சியர்" முடித்துவிட்டு "தி டைட்டன்" நடுவில் நிற்கிறேன். இரண்டு இடத்தில் இடறுகிறது. கதாநாயகன் கவ்பர்வுட் பிலடெல்பியா நகரக் கருவூலத்திலிருந்து ஐந்து லட்சம் டாலர் வாங்கிப் புரட்டுகிறான். ஆனால் ஜெயிலுக்குப் போவது 60,000 டாலர் செக்கால். ஏன்? அடுத்தது, சிகாகோ வந்தபின் சில அத்தியாயத்துக்கு ஒரு புதுப் பெண். டிராம் கம்பெனி, லஞ்சப் பகுதிகளை மட்டும் படித்தால் போதாதா?

மைக்கூடு:
ஐந்து லட்சம் கருவூலர் ஸ்டெனர் தெரிந்தே கொடுத்த கடன். அதைக் கிளறினால் கட்சிப் பெரிய தலைகளும் மாட்டும். செக் கதை வேறு.

நகரம் தன் கடன் பத்திரங்களைத் தானே திரும்ப வாங்கி அடைக்க ஒரு நிதி வைத்திருக்கிறது. கவ்பர்வுட் அதற்குத் தரகன். பத்திரம் வாங்கியதும் செக் பெறுவான். பத்திரத்தை நிதியில் சேர்க்க மாதக் கடைசி வரை தவணை. சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் உண்டு. அந்த இடைவெளியில் அதே பத்திரத்தை வங்கியில் அடகு வைத்துப் பணம் எடுப்பதுதான் அவன் சாமர்த்தியம்.

1871 அக்டோபரில் சிகாகோ எரிகிறது. பங்குகள் சரிகின்றன, வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்கின்றன. இனி காசில்லை என்று ஸ்டெனர் கைவிரித்த பிறகு, அவருடைய குமாஸ்தாவிடம் போய் 60,000-க்குச் செக் வாங்குகிறான். திருப்பிக் கேட்டு ஆள் வந்தும் கொடுக்கவில்லை. கடை மூடியபோது செக் அவன் கணக்கில், பத்திரமோ நிதியில் இல்லை. திவாலாகப் போவது தெரிந்தே வாங்கினானா என்பதுதான் வழக்கு. அந்த நீதிமன்ற அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள், டிரைசர் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறார்.

பழையபேப்பர்:
இரண்டாம் கேள்விக்கு: தாண்டாதீர்கள். நாவலின் கீல் அங்கேதான் இருக்கிறது. கவ்பர்வுட்டைப் பணம் கவிழ்ப்பதில்லை, பெண்களின் அப்பாக்களும் கணவர்களும்தான் கவிழ்க்கிறார்கள்.

முதல் நாவலையே பாருங்கள். கட்சிப் பெரிய தலைகளில் ஒருவரான பட்லர் முதலில் அவனைக் காப்பாற்றும் எண்ணத்தில்தான் இருந்தார். மகள் அய்லீன் பற்றி மொட்டைக் கடுதாசி வந்த பிறகே தான் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு, ஜெயிலில் தள்ள வேலை செய்கிறார். சிகாகோவில் ஹேகனின் பத்திரிகை ஆதரவாக எழுதிக்கொண்டிருந்தது. மகள் சிசிலி விஷயம் தெரிந்ததும் பகையாகிறது. பெரும்பணக்காரர் ஹேண்ட், மனைவி விவகாரம் தெரிந்ததும் ஜென்ம விரோதி. (இன்னும் படிக்காத பகுதியைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.) யார் எப்போது ஏன் எதிரியானார் என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால், கடைசி டிராம் உரிமப் போராட்டத்தில் அத்தனை பேரும் ஒன்றுசேர்வது தானாகப் புரியும்.

சிகாகோ காதலிகளில் ஒருத்தியான ஸ்டெஃபனி பிளாட்டோ பகுதி மட்டும் இழுவை, ஒப்புக்கொள்கிறேன்.

மைக்கூடு:
டிராம் பகுதியில் பலர் குழம்புவது கம்பெனிக்குள் கம்பெனி. பழைய குதிரை டிராம் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்கைப் பிடிப்பது. புதுக் கம்பெனி தொடங்கிப் பழையதை அதற்குக் குத்தகைக்கு விடுவது. புதுக் கம்பெனியின் பெயரில் கடன் பத்திரம் விற்று, பங்கு வாங்கிய காசை அடைப்பது. தடம் போடும் வேலையையும் தன் ஆட்களின் கம்பெனிக்கே கொடுத்து லாபம் எடுப்பது. கைக்காசு கொஞ்சம், கடன் மொத்தமும் பயணி தலையில்.

இதற்கெல்லாம் அஸ்திவாரம் தெருவில் தடம் ஓட்டும் உரிமம். அது கவுன்சிலர்கள் கையில், அதனால்தான் அவர்களை ஆட்டிவைக்கும் அரசியல் புள்ளி மெக்கென்டி தேவை. உரிமக் காலம் முடிய முடிய பத்திரத்தின் மதிப்பு இறங்கும். ஆகவே 50 ஆண்டு உரிமத்துக்கு அவன் தவிப்பது வெறும் பேராசையல்ல, அது கிடைக்காவிட்டால் சீட்டுக்கட்டு வீடு மொத்தமும் சரியும்.

சுரங்கப்பாதை விஷயமும் அப்படியே. சிகாகோ ஆற்றுப் பாலங்கள் கப்பலுக்காகத் திரும்பும்போதெல்லாம் டிராம் நிற்கும். ஆற்றின் அடியில் லசால் தெருவிலும் வாஷிங்டன் தெருவிலும் சும்மா கிடந்த சுரங்கங்களைக் கேட்டு வாங்கிக் கேபிள் டிராம் விடுகிறான். சுரங்கத் தடத்துக்கு நிலம் தராத பர்டியின் கட்டடத்தை, தடையுத்தரவு வாங்க முடியாதபடி நீதிமன்றம் மூடியிருக்கும் நேரம் பார்த்து இடிக்கும் அத்தியாயம் புத்தகத்திலேயே சிறந்தது.

தெருவிளக்கு:
குறிப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். இதில் எவ்வளவு நிஜம்?

பழையபேப்பர்:
எலும்புக்கூடு முழுக்க சார்ல்ஸ் டைசன் யெர்க்ஸ் (1837–1905). பிலடெல்பியா ஜெயில், சிகாகோ டிராம், பிறகு லண்டன் சுரங்க ரயில். நிஜத்தில் ஏழு மாதத்தில் மன்னிப்பு கிடைத்தது, நாவலில் பதின்மூன்று. நாவலின் ஆளுநர் ஸ்வான்சன், 1895-இல் யெர்க்ஸ் தரப்பு மசோதாக்களைத் தடுத்த ஆல்ட்கெல்ட். பல்கலைக்கழகத்துக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பெயரெடுத்து, அந்தப் பெயரில் கடன் வாங்குவதும் கற்பனை அல்ல: விஸ்கான்சினில் 40 அங்குல லென்ஸோடு 1897-இல் திறந்த வானாய்வகத்துக்கு இன்றும் யெர்க்ஸ் பெயர்தான்.

மூன்றாவதான "தி ஸ்டோயிக்" டிரைசர் இறந்த பின் 1947-இல் வந்தது. கவ்பர்வுட் செத்த பிறகு அவன் கடைசிக் காதலி பெரனீஸ் இந்தியா வந்து கீதையும் யோகமும் படிக்கிறாள். நம் ஊர் வாசகருக்கு அங்கே சிரிப்பு வரலாம். "டைட்டன்" முடித்த சூட்டோடு அதை எடுக்க வேண்டாம்.